தாய்ச்சாவியும் நகற்சாவியும்



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. உங்களுள் பலருடைய சட்டைப்பையில் இப்பொழுதே அது இருக்கக்கூடும். சாவியைத்தான் சொல்கிறேன். மிதிவண்டிச் சாவி, விடுதி அறைச் சாவி, வீட்டுச் சாவி என்று நாள்தோறும் நாம் கையாளும் இந்த உலோகத் துண்டைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று நீங்கள் எண்ணலாம். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் எண்ணியிருந்தேன். ஒரு மழை இரவு என் எண்ணத்தை மாற்றியது.

என் தமக்கையார் எழுபது வயதைக் கடந்தவர், தனியே வசிப்பவர். அவர் வீட்டு வாயிற்கதவு சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும். வெளியிலிருந்து திறக்கச் சாவி வேண்டும். அவசரத்துக்கு என்னிடம் ஒன்று இருக்கட்டும் என்று, அவர் பக்கத்து வீட்டாரிடம் கொடுத்து வைத்திருந்த சாவியை வாங்கி, கடைத்தெருவில் ஒரு கடையில் கொடுத்து நகல் எடுத்தேன். ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்தது. புதுச் சாவி பளபளவென்று மின்னியது. அதைப் பூட்டில் இட்டுத் திருப்பிப் பார்க்க வேண்டும் என்ற எண்ணங்கூட எனக்குத் தோன்றவில்லை.

சில மாதங்கள் கழிந்தன. மழை கொட்டிக்கொண்டிருந்த ஓரிரவில் தமக்கையாரிடமிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டதாகவும், எழுந்திருக்க முடியவில்லை என்றும் மெலிந்த குரலில் சொன்னார். நான்கு தெருக்களையும் ஓட்டமாகக் கடந்து அவர் வாயிலை அடைந்தேன். சாவி பூட்டுக்குள் தடையின்றி நுழைந்தது, ஆனால் திரும்பவில்லை. சற்று வெளியே இழுத்துத் திருப்பினேன், அழுத்தித் திருப்பினேன், துடைத்துவிட்டுத் திருப்பினேன். அசையவே இல்லை. பக்கத்து வீட்டார் அன்று ஊரில் இல்லை. கதவுக்கு அப்பாலிருந்து, “தம்பி, வந்துவிட்டாயா?” என்ற குரல் வந்துகொண்டே இருந்தது. எதிர்வீட்டு இளைஞர் இருவர் கடப்பாரையுடன் வந்து பின்கதவைப் பெயர்ப்பதற்குள் அரைமணி நேரம் ஆகிவிட்டது. நல்ல வேளையாக மணிக்கட்டு எலும்பில் ஏற்பட்ட விரிசலோடு ஆபத்து நீங்கியது. ஆயினும் அந்த அரைமணி நேரத்தை நான் இன்றும் மறக்கவில்லை.

பூட்டு கெட்டுவிட்டது என்றே முதலில் நினைத்தேன். தமக்கையாருக்குக் கட்டுப்போட்டு வீட்டில் விட்ட பிறகு, அந்தப் பூட்டை மாற்றுவது பற்றிக் கேட்பதற்காக, பல ஆண்டுகளாகச் சாவித் தொழில் செய்துவரும் ஒரு பெரியவரை நாடிச் சென்றேன். அவர் என் பேச்சை முழுவதும் கேட்டுவிட்டு, “பூட்டு பாவம், அது என்ன செய்யும்? முதலில் சாவியைக் காட்டுங்கள்” என்றார்.

என் சாவியையும், அதற்கு மூலமாக இருந்த பக்கத்து வீட்டுச் சாவியையும் கொடுத்தேன். அவர் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, தோளோடு தோள் பொருத்தி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். சாவியின் தலைக்குக் கீழே, அலகு தொடங்கும் இடத்தில், படிபோல் ஒரு திருப்பம் இருக்கிறதல்லவா? அதற்குத்தான் தோள் என்று பெயர். அந்தத் தோள் பூட்டின் முகத்தில் முட்டி நிற்பதால்தான் சாவி எவ்வளவு தூரம் உள்ளே போக வேண்டுமோ அவ்வளவு தூரம் போய் நிற்கிறது. தோள்கள் ஒன்றாக இருந்தும் பள்ளங்கள் ஒன்றாக இல்லை. ஒரு சாவியின் பள்ளத்துக்கு அருகில் மற்றதன் மேடு, மெல்லிய கீற்றாகத் தெரிந்தது. “ஆழமெல்லாம் ஏறக்குறையச் சரி, இடந்தான் சரியில்லை. முழுச் சாவியும் மயிரிழை தள்ளி வெட்டப்பட்டிருக்கிறது” என்றார் பெரியவர்.

மயிரிழை அளவு தள்ளியதற்கா அந்தப் பாடு என்று எனக்கு வியப்பாக இருந்தது. பூட்டின் உட்புறத்தை அறிந்தால் அந்த வியப்பு நீங்கிவிடும்.

இக்காலத்து வாயிற்கதவுகளில் பெரும்பாலும் காணப்படும் பூட்டு, அமெரிக்கரான லைனஸ் யேல் என்பவர் 1861ஆம் ஆண்டிலும் 1865ஆம் ஆண்டிலும் காப்புரிமை பெற்ற அமைப்பின் வழிவந்தது. பண்டைய எகிப்தியர் மரத்தில் செய்த பூட்டிலும் இதே தத்துவம் இருந்தது. ஒரு கூட்டுக்குள் ஓர் உருளை. உருளையையும் கூட்டையும் ஊடுருவிச் செல்லும் ஐந்து அல்லது ஆறு துளைகள். ஒவ்வொரு துளையிலும் கீழே ஒரு முளை, அதன்மேல் மற்றொரு முளை, அதற்கும் மேலே அழுத்திக்கொண்டிருக்கும் ஒரு சுருள்வில். சாவி இல்லாதபோது மேல்முளைகள் பாதி கூட்டிலும் பாதி உருளையிலுமாகக் குறுக்கே நிற்பதால் உருளை சுழலாது. உரிய சாவி நுழைந்ததும் ஒவ்வொரு கீழ்முளையும் தனக்குரிய பள்ளத்தில் அமர்ந்து, தனக்குரிய உயரத்துக்கு எழும்பி நிற்கிறது. அப்பொழுது இரு முளைகளும் சந்திக்கும் எல்லை எல்லாத் துளைகளிலும் உருளையின் விளிம்போடு ஒரே நேர்கோட்டில் வந்துவிடுகிறது. உருளை சுழல்கிறது, கதவு திறக்கிறது.

பள்ளம் அளவுக்கு மேல் ஆழமானால் மேல்முளை இறங்கி உருளைக்குள் குறுக்கிடும். ஆழம் குறைந்தால் கீழ்முளை நீண்டு கூட்டுக்குள் குறுக்கிடும். ஆறு முளைகளில் ஐந்து சரியாக நின்று ஒன்று மட்டும் பிழைத்தாலும் பூட்டு திறவாது. இனி, ஆழம் சரியாக இருந்தும் பள்ளம் இடம் தள்ளியிருந்தால் என்ன ஆகும்? முளையின் முனை பள்ளத்தின் சமதளத்தில் அமராமல், பக்கத்துச் சரிவில் ஏறி நிற்கும். சரிவில் நிற்கும் முளை உயர்ந்துதானே இருக்கும்? என் சாவிக்கு நேர்ந்தது இதுவே. ஆகவே சாவிக்கு இரண்டு அளவுகள் பொருந்த வேண்டும். ஒன்று, ஒவ்வொரு பள்ளத்தின் ஆழம். மற்றொன்று, தோளிலிருந்து அந்தப் பள்ளம் இருக்கும் தொலைவு.

இந்த ஆழங்கள் மனம்போனபடி அமைவன அல்ல. ஒவ்வொரு தொழிற்சாலையும் சில படிகளை வகுத்துக்கொண்டு, ஒவ்வொரு படிக்கும் ஓர் எண் கொடுத்திருக்கிறது. அமெரிக்காவின் ஷ்லேக் பூட்டுகளில் 0 முதல் 9 வரை பத்துப் படிகள் உண்டு. ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் உள்ள வேறுபாடு ஓர் அங்குலத்தை ஆயிரம் பங்காக்கினால் அதில் 15 பங்கு. அதாவது ஏறக்குறைய 0.38 மில்லிமீட்டர். குவிக்செட் பூட்டுகளில் இந்த வேறுபாடு 23 பங்கு, சுமார் 0.58 மில்லிமீட்டர். இவ்வளவு சிறிய எல்லைக்குள் வெட்டுகிறவன் பிழை செய்யாதிருக்க வேண்டும்.

நம் நாட்டிலும் பூட்டுக்குப் பெயர்பெற்ற ஊர்கள் உண்டு. திண்டுக்கல் பூட்டு 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. அங்குக் கையால் செய்யும் லீவர் பூட்டுகளில் பூட்டையும் சாவியையும் ஒரே பட்டறையில் சேர்த்தே செய்து, அரத்தால் ராவி, போட்டுப் பார்த்து, மீண்டும் ராவிப் பொருத்துவார்கள். அந்தச் சாவிக்குப் பூட்டே ஆசான். பிழை உடனுக்குடன் தெரிந்துவிடும். நகல் எடுக்கும் கடையிலோ பூட்டு எதிரில் இருப்பதில்லை. சாவியைப் பார்த்துச் சாவி செய்ய வேண்டும். அங்கேதான் இயந்திரமும் அதன் துணைக்கருவிகளும் வேண்டப்படுகின்றன.

பெரியவர் என்னைத் தம் இயந்திரத்தின் அருகில் அழைத்துக் காட்டினார். அதன் அமைப்பு எளிமையானது. நகரும் மேடை ஒன்று. அதன்மேல் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு வைஸ்கள். ஒன்றில் மூலச்சாவியையும் மற்றதில் இன்னும் வெட்டாத சாவியையும் இறுக்கிப் பிடிக்கிறார்கள். மூலச்சாவிக்கு எதிரே அசையாத எஃகு முனை ஒன்று நிற்கிறது. அதை வழிகாட்டி எனலாம். வெட்டாத சாவிக்கு எதிரே பற்கள் கொண்ட கட்டர் சுழல்கிறது. மேடையை முன்னே தள்ளிப் பக்கவாட்டில் நகர்த்தினால், வழிகாட்டி மூலச்சாவியின் மேடு பள்ளங்களைத் தடவிச் செல்கிறது. அதே ஏற்ற இறக்கத்தோடு கட்டர் மற்றச் சாவியை வெட்டிச் செல்கிறது.

“இயந்திரம் தானாக எதையும் தெரிந்துகொள்ளாது. கொடுத்ததை வெட்டும். கோணலாகக் கொடுத்தால் கோணலாகவே, கொஞ்சமும் வஞ்சனை இல்லாமல் வெட்டிக்கொடுக்கும்” என்று பெரியவர் சொன்னார். பிறகு ஒரு தகரப் பெட்டியைத் திறந்தார். அதில் சிறு தகடுகள், கம்பித் துண்டுகள், எஃகுக் கட்டைகள், ஒரு தூரிகை, ஓர் அளவுகருவி ஆகியவை இருந்தன. “என் தொழில் இந்தப் பெட்டியில்தான் இருக்கிறது” என்றார்.

முதலில் அவர் காட்டியது தோள் அளவி. இயந்திரத்தின் முன்புறம் ஒரே தண்டில் பொருத்திய இரண்டு விரல்கள் போன்ற எஃகுத் தகடுகள் அவை. அவற்றை மேலே தூக்கினால், ஒன்று மூலச்சாவியின் தோளிலும் மற்றது வெட்டாத சாவியின் தோளிலும் முட்டும். இரண்டு விரல்களுக்கும் இடையிலுள்ள தொலைவும், வழிகாட்டிக்கும் கட்டருக்கும் இடையிலுள்ள தொலைவும் ஒன்றே. ஆகவே இரண்டு தோள்களும் விரல்களில் முட்டியபின் வைஸை இறுக்கினால், இரண்டு சாவிகளும் ஒரே தொடக்கத்திலிருந்து அளக்கப்படுகின்றன. என் சாவியை வெட்டியவர் இந்த விரல்களைத் தூக்காமல் கண்ணால் மட்டும் பார்த்து இறுக்கியிருக்க வேண்டும் என்பது பெரியவரின் முடிவு. “கண் நல்ல கண்தான், ஆனால் ஆயிரத்தில் பத்துப் பங்கு அதற்குத் தெரியாது” என்றார். வெட்டத் தொடங்குமுன் இந்த விரல்களை மறவாமல் கீழே மடக்கிவிட வேண்டும். மறந்தால் சுழலும் கட்டர் அவற்றில் மோதும், இரண்டுமே கெடும்.

தோளே இல்லாத சாவிகளும் உண்டு. இருபுறமும் வெட்டுள்ள சில வாகனச் சாவிகளும், உருளையையே கழற்றி மாற்றக்கூடிய பெஸ்ட் வகைப் பூட்டுகளின் சாவிகளும் நுனியிலிருந்து அளக்கப்படுவன. பூட்டுக்குள் அவற்றின் நுனியே முட்டி நிற்கிறது. அத்தகைய சாவிக்குத் தோள் அளவி உதவாது. வைஸின் தாடையில் உள்ள பிளவில் சிறு எஃகுத் தகடு ஒன்றைச் செருகி, இரண்டு சாவிகளின் நுனிகளையும் அதில் முட்டச்செய்து இறுக்க வேண்டும். எந்தச் சாவி எங்கே முட்டி நிற்கிறது என்று அறிந்து, அங்கிருந்தே அளக்க வேண்டும் என்பது இதிலிருந்து நாம் அறியும் விதி.

அடுத்தது தாடைகள். சாவியின் அலகு எல்லாவற்றிலும் ஒரே கனமாக இல்லை. பக்கங்களில் ஓடும் நீண்ட காடிகளும் வகைக்கு வகை வேறுபடும். தட்டையான தாடையில் சில சாவிகள் சாய்ந்துவிடும். சாய்ந்த சாவியில் வெட்டும் சாய்வாகவே விழும். இதற்காகத் திருப்பித் திருப்பி வைக்கக்கூடிய தாடைகள் உண்டு. ஒவ்வொரு முகமும் ஒவ்வொரு வகைச் சாவியைக் கவ்வுவதற்கு ஏற்றது. இரண்டு வைஸ்களிலும் ஒரே முகம் மேலே இருக்க வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. அகலம் குறைந்த சாவி தாடைக்குள் ஆழ இறங்கிவிட்டால் அதன் அடியில் எஃகுக் கம்பித் துண்டை வைத்து உயர்த்துவார்கள். அப்பொழுதும் இரண்டு பக்கமும் ஒரே கனமுள்ள கம்பியே வேண்டும். ஒன்றில் தடித்த கம்பியும் மற்றதில் மெல்லிய கம்பியும் வைத்தால் அந்த வேறுபாடு முழுவதும் பள்ளத்தின் ஆழத்தில் வந்து சேரும். சிலுவைபோல் நான்கு விளிம்புகள் உடைய சாவிக்கும், குழாய் வடிவச் சாவிக்கும் தனித்தனிப் பிடிகள் இருக்கின்றன. அந்தப் பிடி இல்லாமல் அந்த வேலையை ஏற்றுக்கொள்ளலாகாது என்று பெரியவர் கண்டிப்பாகச் சொன்னார்.

பிறகு இயந்திரத்தையே சோதிக்கும் முறையைக் காட்டினார். ஒரே வகையைச் சேர்ந்த, வெட்டாத இரண்டு சாவிகளை எடுத்து, இரண்டு வைஸ்களிலும் தோள் பொருத்தி இறுக்கினார். மின்சாரத்தை நிறுத்தி, செருகியைச் சுவரிலிருந்தே பிடுங்கிவிட்டார். மேடையை முன்னே தள்ளி வழிகாட்டியை ஒரு சாவியின் முதுகில் தொடவைத்து, மறுபக்கம் கட்டரைக் கையால் மெதுவாகச் சுழற்றினார். கட்டரின் பற்கள் சாவியின் முதுகில் தொட்டதும் தொடாததுமாக மெல்லிய கீறல் ஒன்றை மட்டும் இட்டன. “இதுதான் சரி” என்றார். கட்டர் சாவியைத் தொடவே இல்லையென்றால் நகலின் பள்ளங்கள் ஆழம் குறைந்திருக்கும். கடித்து உள்ளே சென்றால் ஆழம் மிகும். வழிகாட்டியின் பின்னால் உள்ள திருகைச் சிறிது முன்னும் பின்னும் திருப்பி இதைச் சரிசெய்யலாம். தோளருகே ஒரு முறை, நடுவில் ஒரு முறை, நுனியருகே ஒரு முறை என மூன்று இடங்களில் அவர் சோதித்தார். மூன்றும் ஒத்திருந்தால்தான் இரண்டு வைஸ்களும் நேராக நிற்கின்றன என்று பொருள். உழைக்க உழைக்கக் கட்டர் தேய்ந்து அதன் விட்டம் குறையும். ஆதலால் இந்தச் சோதனையை அடிக்கடி செய்ய வேண்டும். கட்டரை மாற்றினால் அதன் விளிம்பின் வடிவத்துக்கு ஏற்ற வழிகாட்டியையும் பொருத்த வேண்டும். வழிகாட்டி தடித்திருந்தால் குறுகிய பள்ளத்தின் அடிவரை இறங்காது.

பெட்டியில் இருந்த தூரிகை எதற்கு என்று கேட்டேன். வைஸின் அடித்தளத்தைத் துடைப்பதற்காம். ஒவ்வொரு சாவி வெட்டும்போதும் பித்தளைத் துகள்கள் பறந்து வைஸில் விழுகின்றன. துடைக்காமல் அடுத்த சாவியை வைத்தால், அடியில் கிடக்கும் ஒரு துகளே அதைத் தூக்கிவிடும். வெட்டி முடித்தபின் விளிம்பில் நிற்கும் பிசிறை நீக்க இயந்திரத்தின் பக்கத்தில் சுழலும் கம்பித் தூரிகை வேறு இருக்கிறது. அதில் சாவியை இலேசாகக் காட்ட வேண்டுமேயன்றி, பளபளப்பு வரட்டும் என்று அழுத்திப் பிடித்தால் அரும்பாடுபட்டுக் காத்த அளவு அங்கேயே தேய்ந்து போய்விடும். இவ்வளவையும் செய்யும்போது அவர் கண்களில் பாதுகாப்புக் கண்ணாடி இருந்தது. தொழிற்கூடத்தில் பயிலும் மாணவர்கள் இதை மனத்திற்கொள்ள வேண்டும். பித்தளைத் துகள் கண்ணுக்கு இரங்காது.

இவ்வளவும் கண்ட பிறகு, “அப்படியானால் பக்கத்து வீட்டுச் சாவியை வைத்து இப்பொழுது சரியாக ஒன்று வெட்டிக் கொடுங்கள்” என்றேன். பெரியவர் மறுத்துவிட்டார். அந்தச் சாவியின் தலையைத் திருப்பிக் காட்டினார். அதில் பூட்டுச் செய்த தொழிற்சாலையின் பெயர் இல்லை. “இதுவே யாரோ வெட்டிய நகல். இதன் தாய்ச்சாவியைக் கொண்டுவாருங்கள்” என்றார்.

ஏன் அவ்வாறு கேட்டார் என்பதைக் கணக்கில் போட்டுப் பார்க்கலாம். ஒவ்வொரு முறை நகல் எடுக்கும்போதும் ஆழத்தில் ஆயிரத்தில் 2 பங்கு மட்டும், ஒரே திசையில், பிழை சேர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் நகலில் 2 பங்கு. அந்த நகலிலிருந்து எடுத்த நகலில் 4, அதற்கடுத்ததில் 6, நான்காம் தலைமுறையில் 8. ஷ்லேக் பூட்டின் ஒரு படி 15 பங்கு என்று சொன்னேன் அல்லவா? அதில் பாதி ஏழரை. நான்காம் தலைமுறைச் சாவியில் பிழை பாதிப் படியையே கடந்துவிட்டது. பூட்டு அதற்கு வெகுமுன்பே அடம்பிடிக்கத் தொடங்கியிருக்கும். இப்பொழுதோ, அளந்து பார்ப்பவர்கூட அந்தப் பள்ளத்தை அடுத்த எண்ணுக்குரியது என்றே எண்ணிவிடுவார். ஒவ்வொரு நகலும் தனக்கு முந்தியதைப் பார்ப்பதற்கு ஒத்தேதான் இருக்கிறது. ஆயினும் மூலத்திலிருந்து சாவி விலகிக்கொண்டே போய்விட்டது.

தமக்கையாரின் கொத்திலிருந்து, பூட்டோடு வந்த சாவியை மறுநாள் எடுத்துச் சென்றேன். பல ஆண்டுகள் பயன்பட்டுத் தேய்ந்த சாவி அது. அதை வைஸில் மாட்டி நகல் எடுப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் அப்படிச் செய்யவில்லை. அளவுகருவியை எடுத்து ஒவ்வொரு பள்ளத்தின் அடியிலிருந்தும் முதுகுவரை உள்ள உயரத்தை அளந்து, ஒரு தாளில் குறித்துக்கொண்டார். பிறகு அந்தப் பூட்டுக்குரிய படிகளின் அட்டவணையை விரித்து, ஒவ்வோர் அளவும் எந்தப் படிக்கு மிக அருகில் இருக்கிறது என்று பார்த்து எண்களை எழுதினார். தேய்மானத்தால் சில பள்ளங்கள் ஆயிரத்தில் மூன்று நான்கு பங்கு தாழ்ந்திருந்தன. ஆனால் எதுவும் பாதிப் படியை எட்டவில்லை. எனவே ஐயத்துக்கு இடமில்லை. அந்த எண்களுக்குரிய முழு ஆழத்தில், அளவுச் சாவிகளை ஒவ்வொன்றாக வைஸில் மாற்றி மாற்றி வைத்துப் புதுச் சாவியை வெட்டினார். அளவுச் சாவி என்பது, எல்லாப் பள்ளங்களும் ஒரே எண்ணின் ஆழத்தில் துல்லியமாக வெட்டப்பட்ட சாவி. எண்ணுக்கு ஒன்றாக அவை கட்டாக வரும்.

தேய்ந்துபோன மூலச்சாவியை அப்படியே நகல் எடுத்திருந்தால் தேய்மானமும் நகலில் வந்திருக்கும். அளந்து, எண்ணை அறிந்து, அந்த எண்ணிலிருந்து வெட்டியதால், அந்த மூலச்சாவி புதிதாக இருந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படி ஒரு சாவி கிடைத்தது. நகல் மூலத்தைவிடச் செம்மையாக அமைந்த விந்தையை நான் அன்றுதான் கண்டேன். அளவு என்பதன் ஆற்றல் இது.

பூட்டுத் தொழிலிலிருந்து இந்த உண்மை உலகத்துக்கே பரவியது என்பது வரலாறு. ஆங்கிலேயரான ஜோசப் பிராமா 1784ஆம் ஆண்டில் ஒரு புதுமைப் பூட்டுக்குக் காப்புரிமை பெற்றார். அது மிக நுண்ணிய அளவுகள் உடையது. கையால் ஒவ்வொன்றாகச் செய்து கட்டுப்படியாகவில்லை. பதினெட்டு வயது இளைஞரான ஹென்றி மாட்ஸ்லேயை அவர் வேலைக்கு அமர்த்தினார். மாட்ஸ்லே அந்தப் பூட்டின் உறுப்புகளைச் செய்வதற்கென்றே தனி இயந்திரங்களை அமைத்தார். பொருளை அசையாமல் பிடித்து, குறித்த இடத்தில் மட்டும் கருவி வெட்டுமாறு செய்ததே அவற்றின் சிறப்பு. பிற்காலத்தில் கடைசல் இயந்திரங்களைத் துல்லியமாக்கிப் பெரும்புகழ் பெற்ற மாட்ஸ்லே பயின்ற பள்ளி, இந்தப் பூட்டுப் பட்டறைதான். திறந்து காட்டுவோருக்கு 200 கினி பரிசு என்று அறிவித்துக் கடையில் தொங்கவிடப்பட்ட பிராமா பூட்டு, 1851ஆம் ஆண்டில்தான் ஆல்பிரட் ஹாப்ஸ் என்ற அமெரிக்கரால் சாவியின்றித் திறக்கப்பட்டது. அதற்கும் அவருக்குப் பல நாட்கள் பிடித்தன. அளவின் செம்மையே அந்தப் பூட்டைப் பல பத்தாண்டுகள் காத்தது.

இக்காலத்தில் சாவியைப் படம்பிடித்து, கணிப்பொறியால் அளந்து, எண்ணை அறிந்து, தானே வெட்டும் இயந்திரங்கள் வந்துவிட்டன. பெரியவர் தாளும் அளவுகருவியும் கொண்டு செய்ததையே அவை விரைவாகச் செய்கின்றன. இவற்றிலும் சாவி சரியாக முட்டி நிற்காவிட்டால் முடிவு பிழைதான். மற்றோர் எச்சரிக்கையும் இங்கே பொருந்தும். அமெரிக்காவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாக ஆய்வாளர்கள், தொலைவிலிருந்து எடுத்த புகைப்படத்தைக் கொண்டே சாவியின் எண்ணைக் கண்டறிய முடியும் என்று 2008ஆம் ஆண்டில் காட்டினார்கள். ஆகையால் வீட்டுச் சாவியைப் படமெடுத்து ஊரறியக் காட்டுவது தகாது.

உங்களுக்கு நான் சொல்லக்கூடிய நடைமுறை யோசனைகள் சில உண்டு. புதுப் பூட்டு வாங்கினால் அதனோடு வந்த சாவிகளில் ஒன்றைப் பயன்படுத்தாமல் பத்திரமாக வைத்துவிடுங்கள். நகல் வேண்டும்போதெல்லாம் அதிலிருந்தே எடுங்கள். கடைக்காரர் இரண்டு தோள்களையும் அளவியில் முட்டவைத்தாரா, வைஸைத் துடைத்தாரா என்று கவனியுங்கள். கவனிப்பதை நல்ல தொழிலாளி தவறாக நினைக்க மாட்டார், மகிழ்வார். புதுச் சாவியைக் கதவு திறந்திருக்கும்போதே பூட்டில் இட்டு, ஒரு முறைக்குப் பத்து முறை திருப்பிப் பாருங்கள். சிரமப்பட்டுத் திரும்பும் சாவியைச் சரியான சாவி என்று ஏற்றுக்கொள்ளாதீர்கள். இந்தக் கடைசி வேலையை நான் அன்று செய்திருந்தால், என் தமக்கையார் ஈரத்தரையில் அரைமணி நேரம் கிடந்திருக்க மாட்டார். நகல் எடுத்துக் கொடுத்தவர்மேல் பழிபோட எனக்கு மனம் வரவில்லை. சோதியாமல் பையில் போட்டுக்கொண்டவன் நான்.

புதுச் சாவிக்குப் பெரியவர் கேட்ட கூலி மிகக் குறைவு. சற்று அதிகமாகக் கொடுக்க முயன்றேன். அவர் வாங்கவில்லை. “முதலில் போய்த் திறந்து பாருங்கள். திறந்தால் பணம் கொடுங்கள்” என்றார். அன்று மாலை தமக்கையாரின் வீட்டு வாயிலில் நின்று அந்தச் சாவியை இட்டேன். விரலுக்குச் சிறிதும் வலி இல்லாமல், நீரில் துடுப்புத் திரும்புவதுபோல் அது திரும்பிற்று. கையில் கட்டுடன் கூடத்தில் அமர்ந்திருந்த தமக்கையார் நிமிர்ந்து பார்த்து, “மணி அடிக்காமலே வந்துவிட்டாயே!” என்றார். நான் வெளியே சென்று கதவைச் சாத்தி, மீண்டும் ஒன்பது முறை திறந்து பார்த்தேன். அவருக்கு என் செய்கை விளங்கவில்லை. பிறகு விளக்கிச் சொன்னேன். மறுநாட்காலை முதல் வேலையாகப் பெரியவரிடம் சென்று பணத்தைக் கொடுத்தேன்.